மலிவு வாடகையின் மறைவிலை: இலண்டனில் அயல்நாட்டுப் பெண்களின் குறுங்காலத் தங்குமிடங்கள்

ஆய்வுச் சுருக்கம்

அயல்நாட்டில் சில வாரங்களோ சில மாதங்களோ தனித்துத் தங்க நேரும் பெண்ணுக்குக் குறைந்த வாடகையில் பாதுகாப்பான அறை கிடைப்பது அரிது. இதனை இன்றைய வீட்டுச் சந்தையின் சிக்கலாக மட்டும் கருதுதல் பொருந்தாது. 19ஆம் நூற்றாண்டு முதல் இலண்டன் நகரில் இத்தகைய பெண்களுக்கென உருவான தங்குமிடங்களை இக்கட்டுரை விளக்குகிறது. ஆயா இல்லம், கிறித்தவப் பெண்கள் சங்க விடுதிகள், கிராஸ்பி ஹால், இன்றைய உடனுறை அறை ஆகியவை எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. வாடகை குறைந்த இடங்களிலெல்லாம் விலையின் ஒரு பகுதி உழைப்பாகவோ, நடத்தைக் கட்டுப்பாடாகவோ, சட்டப் பாதுகாப்பின் இழப்பாகவோ பெண்ணிடமிருந்து பெறப்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: ஆயா இல்லம், இலண்டன், பெண்கள் விடுதி, கிராஸ்பி ஹால், உடனுறை வாடகையாளர், குறுங்காலத் தங்கல்.

முன்னுரை

இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் வாசகர் சீட்டுப் பெறக் கட்டணம் இல்லை. எல்.டி. பார்னெட்டும் ஜி.யு. போப்பும் 1909இல் வெளியிட்ட தமிழ் நூற்பட்டியலில் காணப்படும் பழைய அச்சு நூல்களை, உரிய அடையாளச் சான்றுகளைக் காட்டும் ஆய்வாளர் எவரும் அங்குக் கேட்டுப் படிக்கலாம். ஆனால் அந்த நூல்களைப் படித்து முடிக்கும் வரை இரவில் உறங்க ஓர் இடம் வேண்டும். நூல் இலவசமாகக் கிடைக்கும் நகரில் படுக்கைக்கு ஆகும் செலவே, யார் ஆய்வுக்குச் செல்ல முடியும், எத்தனை நாள் இருக்க முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இச்செலவு ஆண், பெண் இருவருக்கும் உரியதே. எனினும் அதனைக் குறைத்துக்கொள்ளும் வழிகள் இருவருக்கும் ஒன்றாக இல்லை. நண்பரின் நண்பரது அறையில் தரையில் விரித்துப் படுப்பதும், முன்பின் அறியாத நால்வரோடு ஓர் அறையைப் பகிர்வதும், நகரின் கடைக்கோடியில் அறையெடுத்து நள்ளிரவுப் பேருந்தில் திரும்புவதும் ஆண் ஆய்வாளர்கள் இயல்பாகக் கையாளும் வழிகள். பெண்ணுக்கு இவை பெரும்பாலும் அடைபட்டுள்ளன. ஆகவே அவர் மலிவான அறையைத் தேடும்போது அதற்கு ஈடாக வேறொன்றைக் கொடுக்க வேண்டியவராகிறார். அது எதுவென்பது காலந்தோறும் மாறியிருக்கிறது. அம்மாற்றத்தைக் காண இலண்டன் தக்க களம். பேரரசின் தலைநகராக இருந்த காரணத்தால் பல நாட்டுப் பெண்கள் அங்கு வந்து தங்கினர். அவர்களுக்கென எழுந்த விடுதிகள் குறித்த ஆவணங்களும் நிலைத்துள்ளன.

பயணச்சீட்டே வாடகை: ஆயா இல்லம்

இந்தியாவிலும் இலங்கையிலும் பணியாற்றிய ஆங்கிலேயக் குடும்பங்கள் தாய்நாடு திரும்பும்போது, கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இந்தியப் பெண் பணியாளர்களை உடன் அழைத்துச் சென்றன. அவர்களை ஆயா என்றனர். (பாட்டியைக் குறிக்க நம் வட்டார வழக்குகளில் வழங்கும் ஆயா வேறு, செவிலியைக் குறிக்கும் இச்சொல் போர்த்துகீசிய மொழிவழி வந்தது.) வங்கம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணங்களிலிருந்தும் இவர்கள் சென்றனர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டுப் பயணக்காலம் குறைந்தபின் இப்போக்குவரத்து மிகுந்தது.

கப்பல் கரை சேர்ந்ததும் ஆயாவின் பணி முடிந்துவிடும். திரும்புவதற்கான கட்டணத்தை அழைத்து வந்த குடும்பமே ஏற்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அதனை எழுத்தில் தந்தோர் சிலர், வாய்மொழியாகச் சொன்னோர் பலர். வாக்கு மீறப்பட்டால் ஆயாவுக்கு வழக்காட வழியில்லை. மொழி அறியாத நகரில், அடுத்த கப்பலுக்கு அழைத்துச் செல்லும் வேறொரு குடும்பம் வாய்க்கும் வரை அவர் எங்கேனும் தங்கியாக வேண்டும். 1855இல் கிழக்கு இலண்டனின் துறைமுகப் பகுதியான ராட்கிளிஃப் நெடுஞ்சாலையருகே, நற்பெயரில்லாத ஒரே தங்குமனையில் ஐம்பது அறுபது ஆயாக்கள் இருந்தமை கண்டறியப்பட்டது. இத்தகைய செய்திகளே ஆயாக்களுக்கெனத் தனி இல்லம் தேவை என்னும் எண்ணத்தை வலுப்படுத்தின.

அவ்வில்லம் ஆல்ட்கேட் பகுதியில் இயங்கியது. பின்னர் 1900இல் இலண்டன் நகர மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பு அதனை ஏற்று, ஹாக்னி பகுதியில் கிங் எட்வர்ட்ஸ் சாலை 26ஆம் எண் வீட்டில் நடத்தியது. 1921இல் அதே சாலையின் 4ஆம் எண் வீட்டிற்கு இல்லம் மாறியது. முப்பது அறைகள் கொண்ட அவ்வில்லத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு பெண்கள் தங்கிச் சென்றனர். இந்தியப் பெண்களுடன், ஆமா எனப்பட்ட சீனச் செவிலியரும் தங்கினர்.

இல்லத்தின் பொருளாதார ஏற்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. அழைத்து வந்த குடும்பம் ஆயாவை ஒப்படைக்கும்போது அவருடைய திரும்புபயணச் சீட்டையும் இல்லத் தலைவியிடம் ஒப்படைக்கும். இந்தியாவுக்குப் புறப்படும் வேறொரு குடும்பத்திற்கு ஆயா தேவைப்பட்டால், தலைவி அச்சீட்டை அவர்களுக்கு விற்பார். கிடைத்த பணத்திலிருந்து ஆயா தங்கியிருந்த நாள்களின் உணவும் உறைவிடமும் ஈடுசெய்யப்படும். அதாவது ஆயா கையிலிருந்து காசு எதுவும் தரவில்லை. தம் பயணச்சீட்டையும், திரும்பும் வழியில் செய்யவிருந்த வேலையையும் கொண்டே வாடகை செலுத்தினார். வெளிப்பார்வைக்கு இது அறநிலையம். கணக்கின்படி வேலைவாய்ப்பு முகமை. இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருந்தமையால்தான் அது நெடுங்காலம் நிலைத்தது எனலாம்.

பணத்தில் கொடுக்காத பகுதி மற்றொன்றும் உண்டு. நடத்தியது சமயப் பரப்பு அமைப்பு ஆதலால், தங்கியோரைக் கிறித்தவத்தின்பால் ஈர்ப்பது அதன் வெளிப்படையான நோக்கமாக இருந்தது. இதற்காக இல்லத்தைப் பழிப்பது எளிது. ஆனால் அதற்கு மாற்றாக அன்றிருந்தது ராட்கிளிஃப் நெடுஞ்சாலைத் தங்குமனைதான்.

இல்லம் இருந்தும் அதனை அடையாதவர் இருந்தனர். 1908இல் ஓர் ஆயா, கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் ஒரு பவுண்டு மட்டும் கையில் கொடுக்கப்பட்டுக் கைவிடப்பட்டார். அச்செய்தி இந்திய அலுவலகத்தின் பதிவேடுகளில் இடம்பெற்றுள்ளது. கைவிடப்படும் இந்தியர், குடியேற்ற நாட்டினர் ஆகியோரின் நிலையை ஆராயும் குழுவொன்று 1910இல் அறிக்கை தந்தது. எனினும் திரும்பும் செலவை முதலாளிமீது சட்டக் கடமையாகச் சுமத்தும் ஏற்பாடு எளிதில் வரவில்லை.

ஆயாக்கள் அனைவரையும் கைவிடப்பட்டோராக மட்டும் காண்பதும் பிழையாகும். இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே 54 முறை கடல் கடந்ததாகக் குறிக்கப்படும் அந்தோனி பரேரா அம்மையாரைப் போன்றோர் பயணத்தையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களுக்கு ஹாக்னி இல்லம் அடைக்கலம் அன்று. இரு பயணங்களுக்கிடையே தங்கும் தொழில்முறை விடுதி. கப்பல் பட்டியல்களிலோ பலர் அழைத்து வந்த குடும்பத்தின் பெயரை ஒட்டியே குறிக்கப்பட்டுள்ளனர். அதனால் தமிழ் பேசிய ஆயாக்கள் எவர் எனப் பிரித்தறிய அப்பட்டியல்கள் உதவுவதில்லை. 26ஆம் எண் வீட்டில் 2022 ஜூனில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.

ஆறு பென்ஸ் படுக்கையும் அதில் இடம்பெறாத பெண்ணும்

ஆயாக்களுக்கு இல்லம் தேவைப்பட்டதன் காரணம் அவர்கள் இந்தியர் என்பது மட்டுமன்று. அந்நகரில் மலிவான படுக்கை பொதுவாகவே ஆண்களுக்காக அமைக்கப்பட்டிருந்தது. ரௌட்டன் பிரபு 1892இல் வாக்ஸ்ஹால் பகுதியில் தொடங்கிய ரௌட்டன் மனையில் ஓர் இரவுக்கு 6 பென்ஸ் கட்டணம். தனித்தனித் தடுப்பறை, தூய விரிப்பு, வாசிப்பறை, குளியல் வசதி ஆகியவை அத்தொகைக்கே கிடைத்தன. அதன் வெற்றியால் நகரின் பல பகுதிகளில் இத்தகைய மனைகள் எழுந்தன. அவை அனைத்தும் ஆண்களுக்கானவை. இலண்டன் மாவட்ட மன்றம் 1893இல் பார்க்கர் தெருவில் திறந்த தங்குமனையும் ஆண்களுக்கே உரியதாயிற்று.

பெண்களுக்கு ஏன் கட்டப்படவில்லை என்பதற்குக் காரணம் கணக்கில் உள்ளது. பெண்ணின் கூலி ஆணின் கூலியில் பாதியளவே இருந்ததால் அவரால் 6 பென்ஸ் தர இயலாது. சமைக்கவும் துவைக்கவும் கூடுதல் இடம் வேண்டும் என்பதால் கட்டுமானச் செலவும் கூடும். இவற்றுக்கு மேலாக, மலிவான பெண்கள் மனை என்றாலே ஒழுக்கம் பற்றிய ஐயம் எழுந்தது. மூன்றாவது காரணமே மிக வலிமையாகச் செயல்பட்டது எனத் தோன்றுகிறது. ஏனெனில் முதலிரண்டும் நன்கொடையால் தீரக்கூடியவை.

இந்நிலையை நேரில் அறிய முயன்றவர் மேரி ஹிக்ஸ். கேம்பிரிட்ஜில் கர்ட்டன் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்ற அவர், வீடற்ற பெண்ணாக வேடமிட்டுத் தங்குமனைகளிலும் வறியோர் காப்பகங்களிலும் இரவுகளைக் கழித்தார். அவ்வனுபவங்களை 1906இல் நூலாக வெளியிட்டார். பெண் தொழிலாளர் எங்கே வாழ்வது என்னும் வினாவை முன்வைத்த மற்றொரு நூல் 1910இல் வந்தது. பெண்கள் தங்குமனைகளுக்கான தேசிய சங்கம் 1909இல் உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1913இல் நியூ கென்ட் சாலையில் ஏடா லூயிஸ் மனை திறக்கப்பட்டதும் இக்காலச் சூழலில்தான். ரௌட்டன் மனைக்கும் இதற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளமை நோக்கத்தக்கது.

கிறித்தவப் பெண்கள் சங்கம் இதற்கு முன்பே வேறொரு வழியைக் கண்டிருந்தது. கிரீமியப் போருக்குச் செல்லும், திரும்பும் செவிலியர் தங்க மேரி ஜேன் கின்னேர்டு 1855இல் இலண்டனில் ஒரு விடுதியைத் தொடங்கினார். வழிப்பயணத்தில் இருக்கும் பெண்ணுக்கு ஓர் இடம் என்பதே அதன் கருத்து. எம்மா ராபர்ட்ஸின் வேண்டுதல் குழுவும் கின்னேர்டின் விடுதிப் பணியும் 1877இல் இணைந்தன. இன்று சென்னை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஆய்வாளர் பலர் தங்கும் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லமும் இம்மரபின் கிளையே. 1885இல் தோன்றிய பயணியர் உதவிச் சங்கம், துறைமுகங்களிலும் ரயில் நிலையங்களிலும் தனித்து வந்திறங்கும் பெண்களைச் சந்தித்து, தகுந்த விடுதிகளுக்கு வழிகாட்டியது. அயர்லாந்திலிருந்தும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலிருந்தும் வீட்டுவேலை தேடி வந்த பெண்களுக்கு இதன் பயன் பெரிது.

இவ்விடுதிகளில் வாடகை குறைவு. ஆனால் நற்சான்று கேட்கப்பட்டது; இரவில் திரும்ப வேண்டிய நேரம் வரையறுக்கப்பட்டது; பார்வையாளரைச் சந்திக்கத் தனிக் கூடம் இருந்தது; வேண்டுதல் கூட்டம் நடைபெற்றது. ரௌட்டன் மனையில் தங்கிய ஆண் இத்தகைய சான்றின்றி 6 பென்ஸை வைத்துவிட்டு உள்ளே சென்றார்.

பட்டமே பரிந்துரை: கிராஸ்பி ஹால்

கல்விக்காகக் கடல் கடந்த பெண்களுக்கு முதல் உலகப் போருக்குப்பின் வேறொரு கதவு திறந்தது. பிரிட்டனின் கரோலின் ஸ்பர்ஜன், அமெரிக்காவின் வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ் முதலியோர் முயற்சியால் 1919இல் பல்கலைக்கழகப் பெண்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவானது. ஆய்வு நல்கையும் தங்கும் மனையும் இணைந்தால்தான் பெண் அறிஞர் நாடு கடந்து ஆய முடியும் என்பதை அவ்வமைப்பினர் உணர்ந்திருந்தனர். நல்கையை மட்டும் அறிவித்துவிட்டு அறையை ஆய்வாளர் பொறுப்பில் விட்டுவிடும் இன்றைய நிதியமைப்புகளை நோக்க, அவர்களது புரிதல் மேம்பட்டது.

அதன் விளைவாகப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகப் பெண்கள் கூட்டமைப்பு இலண்டன் செல்சியில் கிராஸ்பி ஹாலைப் பெற்றது. பிஷப்ஸ்கேட் பகுதியில் 15ஆம் நூற்றாண்டில் ஒரு வணிகர் கட்டிய மாளிகையின் கூடம் அது; பிரித்தெடுக்கப்பட்டு 1910இல் செல்சியில் மீண்டும் நிறுவப்பட்டிருந்தது. அதனோடு குடியிருப்புப் பகுதியைச் சேர்த்துக் கட்டி 1927இல் திறந்தனர். 1930களில் நாஜி ஆட்சியிலிருந்து தப்பி வந்த பெண் அறிஞர்களுக்கும் அம்மனை இடமளித்தது. இங்குக் கேட்கப்பட்ட விலை உழைப்போ வேண்டுதலோ அன்று. பல்கலைக்கழகப் பட்டமும் கூட்டமைப்பின் உறுப்பினர் தகுதியுமே. ஹாக்னி இல்லத்து ஆயாவும் கிராஸ்பி ஹாலின் ஆய்வாளரும் ஒரே காலத்தில் ஒரே நகரில் குறுங்காலம் தங்கிய அயல்நாட்டுப் பெண்கள். இருவரையும் பிரித்தது அவர்கள் காட்டக்கூடிய தாள். 1980களின் இறுதியில் அக்கட்டடம் தனியார் கைக்குச் சென்றது. இன்று அது ஒரு தனிமனிதரின் மாளிகை.

நிறத்தடை

இரண்டாம் உலகப் போருக்குப்பின் இந்தியா, இலங்கை, கரீபியத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து மாணவியரும் செவிலியரும் மிகுதியாக வந்தனர். செவிலியருக்கு மருத்துவமனை விடுதி கிடைத்தது. வேலை போனால் அறையும் போகும். மற்றவர்கள் வீட்டுக்காரப் பெண்களிடம் அறை கேட்டுக் கதவுகளைத் தட்டினர். நிறத்தைக் காரணங்காட்டி மறுப்பது அப்போது குற்றமாக இல்லை. 1965ஆம் ஆண்டின் இனவுறவுச் சட்டம் பொது இடங்களில் மட்டுமே பாகுபாட்டைத் தடுத்தது. வீட்டு வாடகை 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் உள்ளடக்கப்பட்டது. அச்சட்டமும், உரிமையாளர் உடன் வசித்துப் பொது வசதிகளைப் பகிரும் சிறு வீடுகளுக்கு விலக்களித்தது. மலிவான குறுங்கால அறைகள் மிகுதியாக இருந்தது அத்தகைய வீடுகளில்தான்.

இன்றைய உடனுறை அறை

இன்று ஒரு பெண் ஆய்வாளர் இரண்டு மாதத்திற்கு இலண்டன் செல்வதாகக் கொள்வோம். விசா விண்ணப்பத்திலேயே தங்கவிருக்கும் இடத்தைக் குறிப்பிட வேண்டும். ஆகவே கண்ணால் காணாத அறையை முடிவு செய்தாக வேண்டும். முறையான வாடகை ஒப்பந்தத்திற்குப் பெரும்பாலும் பிரிட்டனில் வருவாய் உள்ள பிணையாளரைக் கேட்கின்றனர்; இரண்டு மாதத்திற்கு எவரும் அத்தகைய ஒப்பந்தம் தருவதுமில்லை. எனவே எஞ்சுவது, உரிமையாளர் வசிக்கும் வீட்டிலேயே ஓர் அறை. சென்னையில் ‘பேயிங் கெஸ்ட்’ என வழங்குவதற்கு நெருங்கியது இது. இங்கு இதனை உடனுறை என்போம்.

உடனுறை அறைகள் பெருகக் காரணம் வரிச்சலுகை. தாம் வசிக்கும் வீட்டில் அறை விடும் உரிமையாளர், 2016 முதல் ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரை அவ்வருவாய்க்கு வரி செலுத்த வேண்டியதில்லை. தங்குபவருக்கோ சட்டம் தரும் பாதுகாப்பு குறைவு. சமையலறை, குளியலறை போன்றவற்றை உரிமையாளரோடு பகிர்பவரை வெளியேற்ற நீதிமன்ற ஆணை தேவையில்லை. நியாயமான முன்னறிவிப்புப் போதும். வாரந்தோறும் வாடகை தருபவருக்கு அது பெரும்பாலும் ஒரு வாரம்தான். வாடகைதாரரின் வைப்புத்தொகையை அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் வைக்க வேண்டும் என 2007 முதல் நடைமுறையிலுள்ள விதி உடனுறைவோருக்குப் பொருந்தாது. முன்பணம் திரும்பி வருவது உரிமையாளரின் நேர்மையைப் பொறுத்தது. அதேவேளை, தங்குபவரின் குடியேற்றத் தகுதியைச் சரிபார்க்கும் கடமை 2016 முதல் இங்கிலாந்து முழுவதும் உடனுறை அறைக்கும் உண்டு. அடையாளத்தைக் காட்டும் கடமை தங்குபவருக்கு முழுமையாக இருக்க, பாதுகாப்பு மட்டும் பகுதியாக இருக்கிறது.

பார்க்காத அறைக்குப் பணம் கேட்கும் மோசடி இவ்விடத்தில்தான் நுழைகிறது. தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும் முன்பணம் வந்ததும் சாவியை அஞ்சலில் அனுப்புவதாகவும் கூறுவது அதன் வழக்கமான வடிவம். அறையைப் பிடித்துவைக்கப் பெறும் தொகை ஒரு வார வாடகையை மீறக் கூடாது என 2019ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்துள்ளது. அதற்கு மேல் முன்கூட்டியே கேட்பவரை ஐயுறுவதற்கு இதுவே போதிய காரணம். முதல் ஒரு வாரத்திற்கு மட்டும் விடுதியில் பதிவு செய்து, நேரில் சென்று கண்டபின் அறையை முடிவு செய்வோர் சற்றுக் கூடுதலாகச் செலவிட்டாலும் பெரிய இழப்பைத் தவிர்க்கின்றனர்.

வாடகையே வேண்டாம் எனக் கூறிப் பாலுறவை எதிர்பார்க்கும் விளம்பரங்களும் உள்ளன. 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டப்படி இது குற்றமாக இருந்தும், 2022இல்தான் இவ்வகை வழக்கில் இங்கிலாந்தில் முதன்முதலாக ஒருவர் தண்டனை பெற்றார். ‘வாடகை இல்லை’ என்னும் சொற்றொடர் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு விலையுயர்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தமிழ்ப் பெண்களுக்கு மற்றொரு வழியும் உண்டு. ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, ஹாரோ, டூட்டிங் ஆகிய பகுதிகளில் ஈழத்தமிழர் குடும்பங்கள் மிகுதி. ‘பெண்களுக்கு மட்டும்’ என்னும் அறை அறிவிப்பைத் தமிழர் கடைகளில் காணலாம். இத்தகைய வீடுகளில் அச்சம் குறைவு, சோறு உண்டு, வாடகையும் பேசிக் குறைக்கத்தக்கது. அக்கா, பிள்ளை என்னும் உறவுச்சொல் வந்துவிட்டபின் இரவு எட்டு மணிக்கு நூலகம் மூடும்வரை இருந்துவிட்டு வருவதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். எழுதப்படாத இந்த விதி, பழைய விடுதித் தலைவியின் விதியிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. அன்போடு சொல்லப்படுகிறது என்பதே வேறுபாடு.

விடுமுறையும் அறையும்

உடனுறைக்கு மாற்றாக உள்ளவை இரண்டு. ஒன்று, பெண்களுக்கான பகிர்வறை கொண்ட இளைஞர் விடுதி. பிரிட்டிஷ் நூலகத்திற்கு எதிரே யூஸ்டன் சாலையிலேயே இத்தகைய விடுதி உண்டு. சில நாள்களுக்கு இது நன்று. வார இறுதியில் கட்டணம் உயரும். ஒருவர் தொடர்ந்து தங்கும் நாள்களுக்குப் பல விடுதிகள் வரம்பு வைத்துள்ளன. குறிப்பெழுத மேசை கிடைப்பது அரிது. பெட்டகத்திற்குப் பூட்டைத் தாமே கொண்டுசெல்ல வேண்டியிருக்கும்.

மற்றொன்று, கோடை விடுமுறையில் பல்கலைக்கழகங்கள் வெளியாருக்கு விடும் மாணவர் விடுதி அறை. தனியறை, பூட்டுடைய கதவு, மேசை, வரவேற்பிடத்தில் எந்நேரமும் ஆள், நூலகத்திற்கு நடந்து செல்லும் தொலைவு ஆகிய அனைத்தும் இதில் அமைகின்றன. நற்சான்றோ உறவுமுறையோ கேட்கப்படுவதில்லை. மேற்கண்ட இடங்கள் அனைத்தையும் ஒப்பிட, பணத்தை மட்டும் விலையாகப் பெறும் மலிவான இடம் இதுவே. ஆனால் இவ்வறைகள் பெரும்பாலும் ஜூன் நடுப்பகுதிக்குப்பின் திறந்து செப்டம்பரில் மூடுகின்றன. தமிழகக் கல்லூரிகளின் கோடை விடுமுறை ஏப்ரல் இறுதியில் தொடங்கி ஜூன் நடுப்பகுதியில் முடிந்துவிடுகிறது. ஆகவே விடுப்பு எடுக்க இயலாத பெண் விரிவுரையாளர், விடுதி அறைகள் திறக்கும் வாரத்தில் வகுப்பறைக்குத் திரும்பியிருப்பார். பயண நல்கைக்கான காலத்தை மே மாதத்திற்குள் அடக்கும் பல்கலைக்கழக விதி, அவரை உடனுறை அறைக்கே அனுப்புகிறது. நல்கைக் காலத்தை ஜூலை, ஆகஸ்டு மாதங்களுக்கு நீட்டிப் பணிவிடுப்புத் தருவதற்குப் பல்கலைக்கழகத்திற்குக் கூடுதல் நிதி தேவையில்லை. ஓர் ஆணை போதும்.